புங்கெண்ணெய்க்கு வந்த வெள்ளைப் பூ

ஜேடர்பாளையத்துப் பக்கம் இரண்டு லாரி வைத்திருந்த சுப்பையனுக்கு ஒரே மகன், சின்னுசாமி. அந்த ஒரே மகன் கிடாரைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் ஊருக்கு இருந்த வருத்தம் சொல்லி மாளாது. சினிமாப் பாட்டு வாசித்திருந்தாலாவது மன்னித்திருப்பார்கள். இவன் வாசித்தது ஹெவி மெட்டல். பெயரைக் கேட்டதும் சுப்பையன், "இரும்பு யாவாரமா சாமி?" என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவில் மூன்றே பேர். பாடுவதும் முதல் கிடாரும் பஷீர் அகமது. சேலம் கடைவீதியில் அவனுடைய அத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. அந்தக் கடையில் உட்காரச் சொன்னால் மட்டும் பஷீருக்குக் காய்ச்சல் வந்துவிடும். டிரம்ஸ் வேலுசாமி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டுகிறவன். பகலெல்லாம் தட்டிவிட்டுச் சாயங்காலமும் தட்டத் தயாராக இருந்த மனிதன் அந்த ஜில்லாவில் அவன் ஒருவன்தான். சின்னுசாமி பேஸ் கிடார். காலேஜில் அவனும் பஷீரும் ஒன்றாகப் படித்தபோது, பஷீரின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு கேசட்டைத் தேயத் தேயக் கேட்டதில் இருவருக்கும் பிடித்த பித்து அது. 1978-ல் 'பிளாக் ஆக்சில்' என்று பெயர் வைத்துக் கிளம்பினார்கள்.

கிளம்பியது வாஸ்தவம். போய்ச் சேர்ந்த இடங்கள்தான் சரியில்லை. ஜலகண்டாபுரத்தில் கோயில் திருவிழா. முதல் பாட்டு முடிவதற்குள் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "ஏனுங்க தம்பி, மைக்செட்டு ரிப்பேருங்களா? ஒரே இரைச்சலா இருக்குது" என்று அக்கறையோடு விசாரித்தார். வாழப்பாடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வயிறாரச் சாப்பாடு போட்டு, "நீங்க வாசிக்காம போயிட்டீங்கன்னா அதுவே போதும்பா" என்று கும்பிட்டு அனுப்பி வைத்தார்கள். ஆனால் சேலத்தில் ஒரு காலேஜ் விழாவில் வாசித்தபோது பையன்கள் பெஞ்சின் மேல் ஏறி ஆடினார்கள். அதைப் பார்த்த யாரோ சொல்லி, பெங்களூரில் நடக்கும் ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. ஜெயித்தால் மெட்ராசில் கேசட் போடலாம் என்றார்கள். மூன்று பேருக்கும் கால் தரையில் பாவவில்லை.

அது டீசல் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். பங்க் வாசலில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் அங்கேயே சோறு பொங்கித் தின்று அங்கேயே தூங்கி எழுவார்கள். சுப்பையனின் இரண்டு லாரிகளும் வேப்பமரத்தடியில் சும்மா நின்றன. டிரைவர் கந்தப்பன் தினமும் வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவார். ஆளுயரப் பெட்டி பெட்டியான ஸ்பீக்கர்களையும் டிரம்ஸையும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. லாரி ஓடினால்தான் பெங்களூர்.

சின்னுசாமி கெமிஸ்ட்ரி படித்தவன். டீசல் இஞ்சின் தாவர எண்ணெயிலும் ஓடும் என்று ஒரு பத்திரிகையில் பார்த்திருந்தான். வாய்க்கால் கரையெல்லாம் புங்க மரம். செக்கில் புங்கெண்ணெய் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அதை வாங்கி வந்து, காய்ச்சி, வேட்டியில் வடிகட்டி, பாதிக்குப் பாதி டீசலில் கலந்து வண்டியில் ஊற்றினான். வண்டி இருமிவிட்டு ஓடியது! புகையில் வடை வேகிற வாசம் வந்தது. கந்தப்பன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுப்பையன் சிரிக்கவில்லை. "வாசல்ல ஓடுறது வேற, லோடு ஏத்திக்கிட்டு மலையேறுறது வேற சாமி. இஞ்சினு போச்சுன்னா நம்ம பொழப்பே போச்சு" என்றார். மகன் விடாமல் நச்சரிக்கவே கடைசியில், "செரி, அம்மனக் கேட்டுருவோம். வெள்ள குடுத்தா எடுத்துட்டுப் போ. செவப்பு வந்தா இந்தப் பேச்சே எடுக்கப்படாது" என்று முடித்துவிட்டார்.

ஆற்றங்கரைக் காளியம்மன் கோயிலில் பூக் கேட்பது அந்த வீட்டு வழக்கம். கிணறு வெட்டுவதானாலும் கேட்பார்கள், பெண் எடுப்பதானாலும் கேட்பார்கள். வீட்டு ஆள் ஒருவர் ஆற்றில் முழுகி, ஈரத் துணியோடு, ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளரளியும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி நாரால் கட்டுவார். அம்மன் காலடியில் வைத்ததும் ஒரு சின்னப் பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது; அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்ப்பது அம்மனைச் சந்தேகப்படுவதாகும்.

எப்போதும் பொட்டலம் கட்டுகிறவள் சுப்பையனின் தங்கை அத்தாயி. சின்னுசாமியின் அம்மா பொன்னாத்தாள் இறந்த பிறகு அந்த வீட்டுக்குச் சோறாக்கிப் போட்டு அவனை வளர்த்தவளும் அவள்தான். அன்றைக்கு அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். "நீயே கட்டு சாமி, நீயும் ஊட்டு ஆளுதான்" என்று சுப்பையன் மகனையே அனுப்பினார்.

ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவன் போகவில்லை. அதை மட்டும் நம்புங்கள். முழுகி எழுந்து கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து செவ்வரளியை இலையில் வைத்தான். நாரை எடுத்தான். பஷீரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தம்மாத்துண்டு பூவா பெங்களூரைத் தீர்மானிப்பது என்று ஒரு எரிச்சல் வந்தது. செவ்வரளியை எடுத்து ஆற்றில் வீசிவிட்டு இரண்டாவது இலையிலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிட்டான்.

பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்தாள். சுப்பையன் பிரித்தார். வெள்ளையைக் கண்டதும் அந்த மனிதர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மா தாயே, புள்ளையச் சந்தேகப்பட்டுட்டனே" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இன்னொரு பொட்டலத்தை அவரே கொண்டுபோய் ஆற்றில் விட்டார். அது மிதந்து போவதைச் சின்னுசாமி பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பெங்களூருக்குப் போனார்கள். ஜவ்வரிசி மூட்டைக்கு மேல் டிரம்ஸ், டிரம்ஸுக்கு மேல் வேலுசாமி. வடை வாசத்தோடு தொப்பூர் மலையில் ஏறியபோது எதிரே வந்த லாரிக்காரன் ஒருவன், "என்றா, வண்டிக்கு வெளக்கெண்ணெ குடுத்துருக்கீங்களா, இந்த முக்கு முக்குது?" என்று கத்திவிட்டுப் போனான். முக்கினாலும் ஏறிவிட்டது. போட்டியில் இரண்டாம் பரிசு. சும்மா சொல்லக்கூடாது, பஷீர் அன்றைக்கு வாசித்தது ஒரு வாசிப்பு! கூட்டம் மேடையை விட்டு இறங்க விடவில்லை. சின்னுசாமியும் வாசித்தான், ஆடினான், கத்தினான். திரும்பி வரும்போதுதான் ஆற்றில் மிதந்து போன அந்தப் பொட்டலம் கண்ணில் நின்றது.

அதற்குப் பிறகு குழுவுக்கு ஏறுமுகம். பெங்களூரிலும் கோயமுத்தூரிலும் காலேஜ் காலேஜாக வாசித்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. ஜனங்கள் லாரியின் வாசத்தை வைத்து 'வடை பேண்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது. இன்னொரு பக்கம் சுப்பையன் இரண்டு லாரியையும் புங்கெண்ணெய்க்கு மாற்றினார். அம்மன் கொடுத்த எண்ணெய் என்று தோட்டத்தை அடமானம் வைத்து ஒரு செக்கே வாங்கிப் போட்டார். டீசல் கலப்பதையும் குறைத்துக்கொண்டே வந்தார். போகிற வருகிறவரிடமெல்லாம், "எம் பையன் கண்டுபுடிச்சான், அம்மன் வெள்ள குடுத்துது" என்று சொல்வார். ஒவ்வொரு தடவையும் சின்னுசாமி ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவான்.

அடுத்த வருஷம் டீசல் தாராளமாகக் கிடைத்தது. அவரைப் பார்த்துப் புங்கெண்ணெய் ஊற்றிய மற்ற முதலாளிகள் அதை மறந்தே போனார்கள். சுப்பையன் மட்டும் மறக்கவில்லை. புங்கெண்ணெய் அவசரத்துக்கு ஓட்டும்; மாதக்கணக்கில் ஊற்றினால் இஞ்சினுக்குள் கரியும் பிசினுமாக அடைக்கும். சின்னுசாமிக்கு அது தெரியும். இஞ்சினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்த்தான். கருவாட்டுச் சட்டி மாதிரி இருந்தது. சுத்தம் செய்து மாட்டினான். மறுபடியும் அடைத்தது. மறுபடியும் கழற்றினான். மேடையில் நிற்கும்போதும் விரல் இடுக்கில் அந்தக் கரி இருந்தது.

ஒரு நாள் தொப்பூர் ஏற்றத்தில் லோடு வண்டி திடீரென்று நின்றுவிட்டது. இஞ்சின் நின்றதும் பிரேக்குக்குக் காற்று ஏறவில்லை. வண்டி பின்னால் உருண்டது. கந்தப்பன் ஸ்டியரிங்கை ஒடித்து மலைப்பக்கம் மோதவிட்டார். மறுபக்கம் உருண்டிருந்தால் பள்ளத்தில் பொறுக்க எலும்புகூட மிஞ்சியிருக்காது. நெற்றியில் கட்டோடு வந்து நின்ற கந்தப்பனைச் சின்னுசாமி கைத்தாங்கலாகக் கட்டிலில் உட்கார வைத்தான். அவருக்குச் சாலம்மாள் என்று ஒரு மனைவி, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்.

அன்றைக்கே அப்பாவிடம் போனான். "அப்பா, போதுமுங்க. டீசலுக்கே மாத்திப்போடலாமுங்க. இனி இந்த எண்ணெ வேண்டாமுங்க."

"அம்மன் குடுத்தத நாம வேண்டாங்கறதா?"

"அம்மனுக்கு இஞ்சினப் பத்தி என்னங்கப்பா தெரியும்?"

சுப்பையன் கோபப்படவில்லை. கட்டிலில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "உனக்கு இத நாஞ் சொன்னதில்ல. உங்கம்மாளுக்கு வகுத்துல கட்டி. சேலத்துல டாக்டரு ஆபரேசன் பண்ணோணும்னாரு. எனக்குப் பயமா இருந்துச்சு. அம்மனக் கேட்டேன். அத்தாயிதான் ஈரத்தோட பொட்டலம் கட்டுனா. செவப்பு வந்துச்சு. நான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அம்மன் சொல்லித்தான் உட்டேன்னு நெனச்சுத்தான் இத்தன வருசம் சோறு எறங்குது சாமி. பொன்னாத்தா சாவுல கேட்ட வாக்க, ஒரு லாரிக்காகத் தள்ளிருவனா நானு?"

உண்மையைச் சொன்னால் லாரி நிற்கும், கந்தப்பன் பிழைப்பார். ஆனால் பொட்டலத்தை மனுஷன் மாற்ற முடியும் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்த மனிதர் அம்மாவின் சாவை எதைப் பிடித்துக்கொண்டு தாங்குவார்? சின்னுசாமி எழுந்து போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதான்.

இரண்டு நாள் கழித்துச் சேலத்துக்குப் போய் பஷீரிடம் எல்லாவற்றையும் கொட்டினான். பஷீர் அத்தாவின் கடையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டான். "உங்க சாமிய ஏமாத்துனது உனக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு. ஆனா உங்கப்பாவையும் சேத்துல்லடா ஏமாத்தியிருக்கே" என்றான். ஒரு பெட்டி ஆணியைக் கிளறிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அடுத்த வாரம் மெட்ராசுல கேசட்டு ரிக்கார்டிங். இப்பச் சொன்னா உங்கப்பா லாரியும் தர மாட்டாரு, உன்னையும் உட மாட்டாரு. போயிட்டு வந்து சொல்லேன் சின்னு" என்றான். சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்னுசாமி சரி என்றான். எவ்வளவு சுலபமாகச் சரி என்றுவிட்டோம் என்று பஸ்ஸில் வரும்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை, அடிபட்ட பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திய லாரி வாசலில் நின்றது. பெங்களூருக்கு ஜவ்வரிசி லோடு. நெற்றிக் கட்டைக்கூட அவிழ்க்காமல் கந்தப்பன் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டியில போகாதீங்கண்ணா. ஒடம்பு செரியில்லைன்னு சொல்லிருங்க."

கந்தப்பன் சிரித்தார். "சாலம்மாளும் நேத்து ஒரே அழுகைங்க தம்பி. நாந்தான் சொன்னேன், அடி பைத்தியமே, அம்மனே வெள்ளப் பூ குடுத்த வண்டி, அன்னிக்கு மலைப்பக்கமாத் திருப்பி உட்டது யாருன்னு நெனச்சே, அப்படீன்னேன். அவளும் கண்ணத் தொடச்சுக்கிட்டு கட்டுச்சோறு கட்டிக் குடுத்துட்டா." சோற்று மூட்டையை சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தார். "எனக்கு என்னங்க பயம்?"

போச்சு. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. சாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டது, அவன் ஆற்றங்கரையில் கட்டிய பொய்யை நம்பி. கேசட்டாவது ஒன்றாவது! வீட்டுக்குள் ஓடினான். சுப்பையன் குளித்துத் திருநீறு பூசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் அத்தாயி இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளதானுங்க வெச்சேன். செவப்ப ஆத்துல வீசிட்டனுங்க. அம்மன் ஒண்ணுஞ் சொல்லலீங்க. பெங்களூரு போகோணும்னு நாந்தானுங்க…"

சுப்பையன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எழுந்து மெதுவாக வாசலுக்குப் போனார். "கந்தப்பா, எறங்கிக்க. வண்டி போகல" என்ற குரல் கேட்டது. கந்தப்பன் ஏனுங்க என்று கேட்டதும், "போகலைன்னா போகல. ஊட்டுக்குப் போ. நாளைக்கு மெக்கானிக்க வரச் சொல்லி எல்லாத்தையும் கழட்டிரலாம்" என்றார். திரும்பி வந்து அதே கட்டிலில் உட்கார்ந்தார்.

சின்னுசாமி அடிக்குக் காத்திருந்தான். அடி விழுந்தால் தேவலை என்று இருந்தது. "அடிச்சுருங்கப்பா. செருப்பால அடிங்க. வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லுங்க" என்று காலடியில் உட்கார்ந்து அவருடைய முழங்காலைப் பிடித்தான். "நாந்தானுங்க தப்புப் பண்ணேன். அம்மாவுக்கு அன்னிக்குக் கேட்டது வேறீங்கப்பா. அது நெசமானது. அதையும் இதையும் சேக்காதீங்க."

அப்பா அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவருடைய கண் சமையலறைக் கதவில் இருந்தது. உள்ளே தட்டு வைக்கிற சத்தம் வந்தது.

"ஏனுங்கண்ணா, இட்டிலி ஆறுது. அப்பனும் மவனும் வாங்க" என்று அத்தாயி கூப்பிட்டாள்.

"அன்னிக்கு உங்கம்மாளுக்குக் கட்டுனது அவதான்" என்றார் சுப்பையன், மிகவும் தாழ்ந்த குரலில். "அந்த இன்னொரு பொட்டலத்தையும் நானு பிரிச்சுப் பாக்காமத்தான் ஆத்துல உட்டேன், சாமி."

சின்னுசாமி அவர் வாயைப் பொத்தப் போனான். அதற்குள் அத்தாயி, தான் சமைத்ததைச் சாப்பிட ஆளைக் காணோமே என்று கையைத் துடைத்துக்கொண்டே கதவருகில் வந்து நின்றுவிட்டாள். அண்ணன் தன்னை ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.